மடிக்கணினியைத் தொடப்படாது

1

ஃபிஜியில் தமிழ் வாழ்கிறதா என்று ஊரிலிருந்து நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். மலர் ஒன்று போடுகிறார்களாம், கட்டுரை வேண்டுமாம். கடைசி வரியில், "அங்கே ராணுவ ஆட்சியாமே, பத்திரம்" என்றும் எழுதியிருக்கிறார். தமிழுக்கு ஒரு பக்கம், என் உயிருக்கு ஒரு வரி. பழைய நண்பர் என்பதால் கோபித்துக்கொள்ளவில்லை.

பத்திரமாகத்தான் இருக்கிறோம். இங்கே ஆட்சி கவிழ்வது நம்மூர் கடையடைப்பு அளவுக்குக்கூடத் தொந்தரவு தருவதில்லை. காலையில் வானொலியில் யாராவது கனத்த குரலில் பேசுவார்கள். மத்தியானம் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். மறுநாள் கரும்பு லாரிகள் வழக்கம்போல ரராவாய் சர்க்கரை ஆலைக்கு முன்னால் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும். நாங்களும் வழக்கம்போலத் திட்டிக்கொண்டே சுற்றிக்கொண்டு போவோம்.

ஆனால் ஒவ்வொரு கவிழ்ப்புக்குப் பிறகும் தெருவில் சில வீடுகள் காலியாகும். நான்கு தலைமுறையாக இங்கேயே கரும்பு போட்டவர்கள் சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் கிளம்பிவிடுவார்கள். இந்த நாட்டில் பிறந்தவர்கள் போகத் துடிக்கிறார்கள். இருக்கத் துடித்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதனாலோ என்னவோ, என்னைத்தான் போகச் சொன்னார்கள். அந்தக் கதையையும் நண்பரின் கேள்விக்கான பதிலையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சின்னக் கணினிக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

2

நான் பா என்ற ஊரில் இருக்கிறேன். ஊர்ப் பெயரே ஓரெழுத்துத் தமிழ்ச்சொல்லாக இருக்கிறதே என்று பூரித்துப்போய்த்தான் வேலையை ஒப்புக்கொண்டேன். வந்த பிறகுதான் அந்த ஓரெழுத்தோடு தமிழ் முடிந்துவிடுகிறது என்று தெரிந்தது. கோயில் கமிட்டி நடத்தும் பள்ளியில் தமிழ் ஆசிரியர். தமிழ் படிக்கப் பிள்ளைகள் குறைவு என்பதால் கணக்கும் எடுக்கிறேன். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் தனியாக ஒரு தமிழ் வகுப்பு உண்டு.

கமிட்டியில் இருந்த ஒரு குடும்பம் இரண்டாயிரத்தில் நடந்த கவிழ்ப்பின்போது கனடா போனது. அடுத்த கவிழ்ப்புச் செய்தி அங்கே எட்டியதும், நல்லவேளை தப்பித்தோம் என்ற சந்தோஷத்திலோ, பாவம் மாட்டிக்கொண்டார்கள் என்ற இரக்கத்திலோ, சனிக்கிழமை வகுப்புக்கென்று ஒரு சின்ன லேப்டாப் வாங்கித் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பியது. நாண்டி விமான நிலையத்துக்குப் போய் அதை வாங்கிவர நானும் கோயில் தலைவர் அங்கமுத்துவும் போனோம்.

அங்கமுத்து கரும்பு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் கமலாவோடு இருக்கிறார். வீட்டில் ரசம் வைப்பதென்றாலும் தீர்மானம் போட்டு, வழிமொழிய ஒருவரைத் தேடுகிற மனிதர்.

திரும்பும் வழியில் லோவு தாண்டியதும் சோதனைச் சாவடி. துப்பாக்கியோடு ஒரு ஃபிஜியப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "புலா!" என்று வணக்கம் சொல்லிச் சிரித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்து, "ஈ கா சீஜ்?", இது என்ன, என்று சுத்தமான ஃபிஜி ஹிந்தியில் கேட்டான்; இங்கே தமிழர் வீட்டிலும் பேச்சு அதுதான். கணினி என்றால் திறந்து காட்ட வேண்டும், உத்தரவு. காரின் முன்பக்கத்தில் வைத்துத் திறந்தேன். புதுக் கணினி, முதன்முதலாக உயிர் பெறுகிறது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தது.

எந்த நாடு என்றது. பட்டியலில் நான் தடவிக்கொண்டிருக்க, அந்தச் சிப்பாயே விரலால் காட்டினான், பின்லாந்துக்கு மேலே ஃபிஜி. அந்த வாரம் நாட்டின் அரசாங்கம் எது என்று எங்கள் மூவருக்குமே உறுதியாகத் தெரியாது. நல்லவேளையாக அது நாட்டின் பெயரை மட்டும்தான் கேட்டது. பிறகு நீளமாக நிபந்தனைகள் ஓடின. முழுவதும் படித்து ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டது. நான் வாத்தியார் புத்தியில் படிக்கத் தொடங்கினேன்.

"சம்மதம்னு அழுத்துங்க," என்றான் சிப்பாய் பொறுமையிழந்து, அதே ஹிந்தியில். "எல்லாரும் அதைத்தான் அழுத்துறாங்க."

அழுத்தினேன். அந்த மாதம் நாடே அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

3

சனிக்கிழமை, கமிட்டி கூடியது. நடுவில் யங்கோனாக் கிண்ணம், சுற்றிலும் பெரியவர்கள். இந்த ஊரில் அந்தக் கலங்கிய கஷாயம் இல்லாமல் எந்தக் கூட்டமும் கூடாது, அது உள்ளே போனபின் எந்தக் கூட்டமும் சீக்கிரம் முடியாது. கடவுச்சொல் என்ன வைப்பது என்று விவாதம் நடந்தது. ரகசியமாக இருக்க வேண்டும் என்று அங்கமுத்து தீர்மானம் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது. பிறகு ஒலிபெருக்கியில் சொல்லை அறிவித்தார், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம்.

அந்த நேரம் பார்த்து என் தமிழ்ப்பற்று விழித்துக்கொண்டது. எழுந்து நின்று, "இதை லேப்டாப் என்று சொல்லாதீர்கள். இதற்கு அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது. மடிக்கணினி," என்றேன். கணினியின் முதுகில் அந்தப் பெயரை எழுதி ஒட்டியும் விட்டேன். வீட்டில் நானே அதை லேப்டாப் என்றுதான் சொல்கிறேன் என்பதை மேடையில் சொல்லவில்லை.

எல்லோர் முகத்திலும் ஒரு பக்தி. சொல்லின் அழகில் சொக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். என் மகள் கயல் மட்டும் பின்னால் இருந்து, "அப்பா, கோயி நை போலே மடிக்கணினி," என்றாள். யாரும் அப்படிச் சொல்வதில்லையாம். நான்கு வயதில் இங்கே வந்தவள். தமிழாசிரியரின் மகள், தமிழில் தன் பெயரை மட்டும் எழுதுவாள், அதிலும் ல, ள சந்தேகம். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை போனால், கணினி மண்டபத்தில் இல்லை. பிள்ளையார் சன்னதிக்குப் பக்கத்தில் தனி மேசையில், சிவப்புப் பட்டின்மேல் வீற்றிருந்தது. சுற்றிக் கோலம். வகுப்புப் பிள்ளைகள் பத்தடி தள்ளி, கைகட்டி நின்றார்கள். நான் நெருங்கியதும் அங்கமுத்து குறுக்கே வந்தார்.

"மாஸ்டர், குளிச்சீங்களா?"

"ஏன், நாறுகிறதா?"

"அரே, அப்டி இல்ல. மடிக் கணினின்னு நீங்கதானே சொன்னீங்கோ? தொடப்படாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் கோயில் குருக்கள் சில வருடங்களுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஸ்நானம் செய்து ஈரவேட்டியோடு வரும்போது யார் எதிரில் வந்தாலும், "மடி! மடி! தொடப்படாது!" என்று கத்துவார். இங்குள்ள பிள்ளைகளுக்கு நிற்க, நடக்க என்று எத்தனையோ தமிழ்ச்சொல் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. குருக்கள் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்த மடி மட்டும் ஒவ்வொருவர் மண்டையிலும் பதிந்துவிட்டது. அவர்களுக்கு மடி என்றால் தொடாதே. மடிக்கணினி என்றால் தொடாதே-கணினி.

4

திருத்தப் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடையைத் தட்டி, "மடி என்றால் இது. பிள்ளையை வைத்துக்கொள்கிறோமே, இந்த இடம்," என்றேன்.

"மாஸ்டர் இன்னாத்துக்கு குஸ்திக்குக் கூப்புடுறார்?" என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

கயல்தான் காப்பாற்றினாள், ஹிந்தியில் விளக்கினாள். எல்லோருக்கும் புரிந்தது. புரிந்த பிறகுதான் சிக்கல். அப்படியென்றால் பண்டிட்ஜி இத்தனை வருஷமாகத் தன் தொடையைப் பற்றியா கத்திக்கொண்டிருந்தார் என்று கேட்டார்கள். குருக்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் விபூதியைச் சரிசெய்துகொண்டு, "பேர்லயே மடி இருக்கு. மடியா வச்சுண்டா என்ன கொறஞ்சு போயிடும்? தூசியாவது படாம இருக்கும்," என்றார்.

அங்கமுத்து விஷயத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். மடி என்றால் தொடை என்பவர்கள், தொடாதே என்பவர்கள். என் பக்கம் என் மகளின் கை மட்டும் உயர்ந்தது, அவளுக்கு வாக்குரிமை இல்லை என்று அதையும் இறக்கிவிட்டார்கள். அந்த வருடம் இந்த நாட்டில் நான் பார்த்த ஒரே தேர்தல் அதுதான், அதிலும் தோற்றேன்.

பிறகு கணினிக்கு முறைப்படி பூஜை நடந்தது. திரையின் மேல்விளிம்பில், நடுவே, ஒரு சின்ன வட்டம் இருந்தது. நெற்றி மாதிரி இருக்கிறது என்று குருக்கள் சரியாக அந்த இடத்தில் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். அதுதான் கேமரா. தோற்றவனுக்குப் பேச்செதற்கு?

வகுப்பு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். கணினியைத் தொடக்கூடாது, ஆனால் அதோடு வந்த மவுஸைத் தொடலாம். எலி பிள்ளையாரின் வாகனம் என்பதால் குருக்கள் சலுகை கொடுத்திருந்தார். நீள வயர் போட்டு, தள்ளி உட்கார்ந்து, நாங்கள் தமிழ் படித்தோம். தட்டச்சு செய்ய வேண்டிய பாடங்களை மட்டும் நான் குளித்துவிட்டு வரும் நாட்களுக்குத் தள்ளிவைத்தோம்.

5

இதற்கிடையில் என் பெர்மிட் முடியும் காலம் வந்தது.

இங்கே வெளிநாட்டு ஆசிரியர் நீடிக்க இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். என் வேலையைச் செய்ய உள்ளூரில் ஆளில்லை என்று ஒன்று. அதே வேலைக்கு உள்ளூர் ஆள் ஒருவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொன்று. பழகிவிட்டால் நான் தேவையில்லை. பழகவே இல்லை என்றால் நான் உதவாக்கரை. ஆகவே அந்த ஆள் பழகிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் பழகிவிடக் கூடாது. இந்த நுட்பமான வேலைக்கு எனக்குக் கிடைத்தவள் அங்கமுத்துவின் மகள் கமலா. கெட்டிக்காரிதான். ஆனால் அவள் மனம் ஆக்லாந்தில் இருந்தது. கணவன் அங்கே தச்சு வேலைக்குப் போய்விட்டான், இவளுக்கு விசா மறுத்துவிட்டார்கள், கைத்தொழில் எதுவும் இல்லையென்று. அதனால் வருடக்கணக்காக ஒரே பாடத்திலேயே நிம்மதியாக நின்றாள். எனக்கும் நிம்மதி.

பெர்மிட் கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். எனக்கும் மனைவிக்கும் எப்படியோ போகும். சிக்கல் கயல்தான். பள்ளி இறுதிக்கு இரண்டே வருடம். இங்கே வகுப்பில் முதல் மாணவி. அங்கே போனால் தமிழில் பரீட்சை எழுத வேண்டும். தன் பெயரில் ளகரத்துக்குத் தடுமாறும் பெண்ணை எந்தப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைப்பேன்? "ஹம் நை ஜாயேகா," என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். போகமாட்டாளாம். அதைத் தமிழில் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

பெர்மிட் ஆபீஸுக்கு எத்தனை தடவை போனாலும் "மாலுவா, மாஸ்டர்," என்பார்கள். மெதுவாக, அப்புறம், பார்க்கலாம், கவலைப்படாதே, எல்லாம் அந்த ஒரு ஃபிஜியச் சொல்லில் அடக்கம். கடைசியில் ஓர் அதிகாரி வகுப்பை நேரில் பார்க்க வந்தார். வேட்டி மாதிரி சுலு கட்டிய நெட்டையான மனிதர், அருமையான சிரிப்பு. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். நான் ஆத்திசூடி சொல்லச் சொன்னேன். முதல் இரண்டு வரியோடு சங்கீதம் நின்றது. கமலா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். ஆள் பழகவில்லை, ஆனால் பழகிக்கொண்டிருக்கிறாள். நான் வேண்டியதும் அதுதான்.

எழுந்தவர் கையிலிருந்த தொப்பியை வைக்க இடம் தேடினார். சிவப்புப் பட்டு விரித்த மேசை கண்ணில் பட்டது. கணினியைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று கையை நீட்டினார்.

"மடி! மடி! தொடப்படாது!"

வகுப்பு முழுவதும் ஒரே குரலில். என்ன உச்சரிப்பு! ழகரம் இல்லாத சொற்கள் என்பதாலோ என்னவோ, ஒரு பிசிறில்லை. அதிகாரி திகைத்து நிற்க, பெரிய மனிதரிடம் பிள்ளைகள் கத்திவிட்டதே என்ற பதற்றத்தில் கமலா எழுந்து ஓடிவந்தாள்.

"கோவிச்சுக்காதேள். ஸ்நானம் பண்ணிட்டு வந்துதான் தொடணும். இல்லேன்னா தோஷம். அப்பறம் எல்லாத்தையும் அலம்பி விடணும்."

குருக்கள் வாயிலிருந்து தினமும் கேட்டது. மூச்சு விடாமல், கும்பகோணம் பாணியில், அட்சரம் பிசகாமல் வந்தது. எனக்கே ஒரு கணம் புல்லரித்தது.

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில்.

அதிகாரியோடு வந்திருந்த அங்கமுத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு, "சார், கோயில் விதிகளை விளக்குகிறாள். தமிழில்," என்றார்.

அதிகாரி கமலாவின் கையைக் குலுக்கினார். என் கையையும் குலுக்கினார், "அற்புதமாகப் பழக்கியிருக்கிறீர்கள், விநாகா, விநாகா," என்று தன் மொழியில் நன்றியும் சொன்னார். அது வெறும் மனப்பாடம் என்று சொன்னால் நான் உதவாக்கரை. சும்மா இருந்தால் நான் தேவையில்லை. சும்மா இருந்தேன்.

6

அடுத்த மாதம் பதில் வந்தது. தகுதியான உள்ளூர்த் தமிழாசிரியை உருவாகிவிட்டபடியால் என் பெர்மிட் நீட்டிக்கப்படவில்லை, என் சேவைக்கு நன்றி. கயல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மனைவி அரிசி டப்பாக்களைக் கழுவிக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கமலாவுக்கும் அதே தபாலில் ஒரு நகல் போயிருந்தது. தகுதியான மொழி ஆசிரியை, அரசாங்க முத்திரையோடு. அவள் அதைத் தன் கணவனுக்கு அனுப்பினாள், அவன் விசா விண்ணப்பத்தோடு சேர்த்தான். கைத்தொழில் இல்லை என்று மறுத்த இடம் இப்போது ஏற்றுக்கொண்டது. மலைக்காமல் கேளுங்கள், ஆக்லாந்தில் அவளுக்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் வேலையும் கிடைத்தது. இந்நேரம் அந்தப் பிள்ளைகளும் எதையும் தொடாமல் இருப்பார்கள்.

கமலா போகிறாள் என்றால் உள்ளூரில் ஆளில்லை. ஆளில்லை என்றால் நான் இருக்கலாம். கோயில் தலைவர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அங்கமுத்துவின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். கூடத்தில் கமலாவின் பெட்டிகள் பாதி கட்டிக் கிடந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். தீர்மானம், வழிமொழிதல் என்று எதுவும் கேட்கவில்லை.

"என் பொண்ணு போனா உன் பொண்ணு இருக்கும்," என்றார். முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினார். "அச்சாதான், மாஸ்டர். ஒரு பொண்ணாவது இங்க இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. எந்தத் தப்பும் செய்யாமல் வருகிற வெட்கம் போகவே போகாது போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னதும் கயல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

7

கமலா போன பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவைக் கேமராவில் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். கோயில் கணினியை விட்டால் வேறு வழியில்லை. நான் முறைப்படி குளித்துவிட்டுப் போய், பட்டுத்துணிக்கு முன்னால் நின்று இணைப்பைப் போட்டுக் கொடுத்தேன். அங்கமுத்து பத்தடி தள்ளி, கைகட்டி நின்றார். குளிக்கவில்லையாம்.

திரையில் கமலா வந்தாள். மழைச்சட்டை மாதிரி ஏதோ தடியாகப் போட்டிருந்தாள்.

"அப்பா? இருட்டா கீது. தெரியலியே, அப்பா? எங்க கீறீங்க?"

"இங்கதாம்மா, இங்கதான்."

"ஒண்ணுமே தெரியல. செவப்பா, கருப்பா..."

குருக்கள் வைத்த பொட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுப்பித்து, கேமராவின்மேல் கெட்டியாகக் காய்ந்து போயிருந்தது. நான் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கமலா மறுபடியும் "அப்பா" என்றாள். இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது.

அங்கமுத்து விறுவிறுவென்று வந்தார். எங்கே என்று கேட்டார். காட்டினேன். சட்டை நுனியை எச்சிலில் நனைத்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல அந்தப் பொட்டைத் துடைத்தார். மேசை தாழ்வு, நின்றபடி முகம் கேமராவுக்கு எட்டவில்லை. அப்படியே கணினியைத் தூக்கிக்கொண்டு மண்டபத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடைமேல் வைத்துக்கொண்டார். ஓரமாக நின்றிருந்த குருக்கள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டார்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது அப்பா. இளைச்சிட்டீங்க."

திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவருடைய நெற்றி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். நிமிர்த்தி வைக்கலாம் என்று நான் குனிந்து கையை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் கணினியை அணைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, கண் மகளிடமே இருந்தது.

"தொடப்படாது, மாஸ்டர்," என்றார். "மடி."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.